பூ வைத்துக்கொண்டு நிற்கிறவள்

வேலை போனவள் வேலை போனவள் மாதிரி இருக்க வேண்டாமா? இதுதான் பிரின்சியின் கேள்வி. அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

எதிரே ரோட்டோரம் வேன் ஸ்டாப்பிங்கில் தமிழ்செல்வி நின்றுகொண்டிருந்தாள். விடியற்காலையிலேயே குளித்து, தலை பின்னி, கனகாம்பரமும் மல்லியும் கலந்து வைத்து, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, கையில் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா வேறு. எந்தக் கம்பெனிக்குப் போகிறாள் என்று கேட்டால், ஒரு கம்பெனிக்கும் இல்லை. சும்மா நிற்கிறாள். நின்று, போகிற வருகிற வேனுக்கெல்லாம் சிரித்து வைக்கிறாள்.

"சிரிப்பப் பாரு. இன்னா வாழுது அங்க, சிரிக்கிறதுக்கு?" என்றாள் பிரின்சி.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பாயில் நீட்டிப் படுத்திருந்த அவள் புருஷன் எட்வர்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "டெய்லி இதே படம்தான் ஓடுதா அந்த ஜன்னல்ல? நாஷ்டா எதுனா கீதா, இல்ல நானும் வந்து படம் பாக்கணுமா?"

பிரின்சி திரையை விட்டாள். திரை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள். லாரிக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் ஒரு பெரிய பலகையில் பரப்பி, ஒன்றாகச் சேர்த்து, டேப் சுற்றிக் கட்டிக் கொடுக்கிற வேலை. லாரி நீளத்துக்குத் தகுந்தபடி அந்தப் போர்டும் நீளம். ஒரு ஆளால் ஆகாது. தலைப் பக்கம் ஒருத்தி, வால் பக்கம் ஒருத்தி என்று போர்டுக்கு ஒரே பக்கமாக நின்று, ஆளுக்கொரு முனையிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து நடுவில் சேர வேண்டும். மற்ற ஜோடிகள் நடுவில் வந்து சேரும்போது முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொண்டு சண்டையே வந்துவிடும். பிரின்சிக்கு இடது கைப் பழக்கம், தமிழ்செல்விக்கு வலது கை. இவள் இடப்பக்கம் நிற்பாள், அவள் வலப்பக்கம் நிற்பாள். ஓடுகிற கை இரண்டும் வெளிப்பக்கம் போய்விடும், இடிக்காது. அந்த லைனிலேயே வேகமான ஜோடி இவர்கள்தான்.

ஆனால் பாராட்டு யாருக்கு? தலைப் பக்கம் நிற்கிறவளுக்கு. சூப்பர்வைசர் வந்தால் தலைப் பக்கம்தான் வந்து நிற்பார், "சூப்பர் தமிழு" என்பார், போய்விடுவார். வால் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டு மாங்கு மாங்கு என்று சுற்றுகிறாளே, அவளும் மனுஷிதானே என்று ஒரு வார்த்தை கிடையாது. இதை நினைத்தால் பிரின்சிக்கு இப்போதும் வயிறு காந்தும்.

தீபாவளி முடிந்த கையோடு ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போயிற்று. லைனை மூடினார்கள். கான்ட்ராக்ட் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது எல்லாரும் அழுதார்கள். தமிழ்செல்வியும்தான் அழுதாள். அழுதவள் மறுநாள் காலையில் பூ வைத்துக்கொண்டு ஸ்டாப்பிங்கில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அதில் புத்திசாலித்தனம் இருந்தது, அதுதான் பிரின்சிக்குப் பொறுக்கவில்லை. சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வேன் ஓடுகிற ரூட்டில்தான் பெண்களை எடுக்கும். எவளாவது கல்யாணம் என்றோ பிரசவம் என்றோ நின்றுவிட்டால் வேனில் ஒரு சீட்டு காலியாகும். காலியானது ஆபீசுக்குத் தெரிகிறதற்கு முன்னால் டிரைவருக்குத் தெரியும். பக்கத்து ஆரணியிலிருந்து புதுவாயல் வழியாகப் போகிற வேன் எல்லாம் இந்த ஸ்டாப்பிங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த டிரைவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, இப்போதே ஏறி உட்காரத் தயார் என்கிற மாதிரி நிற்கிறவளுக்கு வேலை கிடைக்குமா, வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் நிற்கிறவளுக்குக் கிடைக்குமா? இது பிரின்சிக்கும் தெரிந்த சமாசாரம்தான். தனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை? தோன்றவில்லை. இப்போது போய் அவள் பக்கத்தில் நின்றால், அவளைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி ஆகும். செத்தாலும் மாட்டாள்.

வேலை தேடாமலும் இல்லை. இரண்டு கம்பெனி கேட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. சோர்ந்து படுத்துவிட்டாள். அந்தப் பக்கம் தமிழ்செல்வியோ திருவள்ளூர் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய் வந்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் செல்ஃபி போட்டாள். 'முயற்சியை விட மாட்டேன்' என்று அடியில் வாசகம், மூன்று பூ பொம்மை. பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டு, அந்த ஸ்டேட்டஸைப் பிரின்சி எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

"அவளுக்கு இன்னா குறைச்சலு?" என்று எட்வர்டிடம் பொரிந்தாள். "நெலம் கீது, நெல்லு கீது. வேல இல்லன்னாலும் ஊட்ல சோறு கீது. நம்ம மாதிரியா? எதுக்கு அவளுக்கு வேல?"

"அத அவகிட்ட போய்க் கேளு. எங்கிட்ட கேட்டா?"

பூ விஷயம் தனி. பிரின்சி போகிற சபையில் பூ வைக்கக் கூடாது, நகை கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் வைத்தவள்தான். எட்வர்டைக் கட்டி இந்தச் சபைக்கு வந்தபிறகு விட்டுவிட்டாள். விட்டதைப் பற்றி வருத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வாள். ஆனால் போர்டில் பக்கத்தில் நிற்கும்போது தமிழ்செல்வியின் தலையிலிருந்து மல்லி வாசனை வரும். அதையும் சகித்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் டேப் சுற்றினாள்?

தை பிறந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் பொறாமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முதலில் பிரின்சி, முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். போகப் போகத்தான் உறைத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல், அடுத்தவன் வாழ்வு என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, எவனோ பாஸ்டரிடம் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்றே நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் வேறு இருமினான்.

அன்று முழங்காலில் நின்று ஒரு முடிவு எடுத்தாள். இனி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

திங்கள்கிழமை காலையில் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கழுத்து தானாகத் திரும்பியது, பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு முழு நாள் ஜெயித்தாள். ராத்திரி படுக்கும்போது தனக்கே தன்மேல் மரியாதை வந்தது.

செவ்வாய்க்கிழமை தாங்கவில்லை. என்ன கலர் சுடிதார் என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திரையை விலக்கினாள்.

ஸ்டாப்பிங்கில் ஆள் இல்லை.

பிரின்சிக்குப் பகீர் என்றது. இத்தனை நாளில் ஒரு நாள் தவறாதவள் இன்று இல்லை என்றால் என்ன அர்த்தம்? வேலை கிடைத்துவிட்டது. வேன் ஏறிப் போய்விட்டாள். பார்க்காமல் விட்ட ஒரே நாளில் காரியம் முடிந்துவிட்டது! நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள்.

அவள் போய் நிற்கவும் ஒரு வெள்ளை வேன் வந்து பிரேக் போடவும் சரியாக இருந்தது. டிரைவர் அரசப்பன் எட்டிப் பார்த்தார். ஆரணிக்காரர், எல்லாப் பெண்களுக்கும் அண்ணன்.

"ஏம்மா, இங்க பூ வச்சிக்கினு தமிழ்செல்வின்னு ஒரு பொண்ணு நிக்குமே, எங்க அது?"

"தெரியலண்ணா. எதுக்கு?"

"நல்ல சேதிதாம்மா. எங்க கம்பெனிக்கு லாரி ஆர்டர் ஒண்ணு வந்துகீது. பெரிய போர்டுல வேல செஞ்ச ஆளு வேணும்னு அருணா மேடம் கேட்டாங்க. நான்தான் அந்தப் பொண்ணப் பத்தி சொல்லி வச்சேன். ஒம்பது மணி வேன்ல வந்துரச் சொல்லு. டெஸ்டு வச்சி இன்னிக்கே எடுத்துக்குவாங்க. அந்தப் பொண்ணு போன் நம்பரு வாங்காம உட்டுட்டேன் பாரு. சொல்லிடுவியா?"

"சொல்றேண்ணா," என்றாள் பிரின்சி.

வேன் போயிற்று. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை! அடுத்த மூச்சில், கிடைக்கப் போகிறது என்பது புரிந்தது.

தமிழ்செல்வி எங்கே இருக்கிறாள் என்பது தெரியாத ரகசியம் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஓரம் நவரைப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்திருந்த முதுகுகளுக்கு நடுவே அண்ணன் ஜெகனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவளும் குனிந்திருந்தாள். கையைத் தட்டிக் கூப்பிட்டால் கேட்கும். வீட்டில் போன் இருக்கிறது, அதில் அவள் நம்பர் இருக்கிறது. பிரின்சி கை தட்டவில்லை. வீட்டுக்குள் வந்து போனை எடுத்தாள், கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

'நெலம் இருக்கிறவளுக்கு நெலம். எனக்கு இது,' என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். 'அதே போர்டுலதானே நானும் வேல செஞ்சேன்?' என்று இன்னொரு சொம்பு ஊற்றினாள். நியாயம் நிறைய இருந்தது. தண்ணீர்தான் தீர்ந்துவிட்டது.

ஒன்பது மணி வேனில் ஏறி உட்கார்ந்தபோது, வயல் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கம்பெனியில் அருணா மேடம் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். புரொடக்ஷன் முழுக்க அவர் பொறுப்பு. பிரின்சியைப் பார்த்துவிட்டு, "டிரைவர் வேற பேரு சொன்னாரே?" என்றார்.

"தமிழ்செல்வி மேடம். அவங்களுக்கு வர முடியல. அதான் நான் வந்தேன். நானும் அதே கம்பெனி, அதே போர்டு."

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

"வால் பக்கம் மேடம்."

"சரி, செஞ்சு காட்டுங்க."

தலைப் பக்கத்துக்கு அங்கிருந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். பாவம், நல்ல பெண். ஆனால் அவள் இடப்பக்கம் போய் நின்றாள். பிரின்சி அவளை வலப்பக்கம் மாற்றி நிறுத்தினாள். நின்றவள், ஒயரை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் டேப்பைக் கிழித்தாள், கிழிக்கிற நேரத்தில் ஒயரைத் தேடினாள். நடுவில் வருவதற்குள் பிரின்சி பாதி நேரம் சும்மா நின்றாள், மீதி நேரம் அவள் மேல் மோதினாள். தமிழ்செல்வியாக இருந்தால் கேட்காமலே ஒயர் கையில் வந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, சே, இங்கேயும் அவள்தானா என்று பல்லைக் கடித்தாள்.

அருணா மேடம் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "உங்க கை நல்லா இருக்கும்மா. ஆனா இது ஒத்தக் கை வேல இல்ல. பழகின ஜோடி இருந்தாதான் எடுக்க முடியும். உங்க ஜோடி யாரு?"

பிரின்சி தரையைப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"தமிழ்செல்விதான் மேடம்."

"அவங்கதான் வர முடியாதுன்னீங்க?"

அந்த ஹாலில் மிஷின் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. இருந்தும் எல்லாரும் தன் பதிலுக்காகக் காத்திருப்பதாகப் பிரின்சிக்குப் பட்டது.

"பெரியபாளையம் பக்கத்திலேந்து ஒரு ஜோடி மதியத்துக்கு மேல வர்றாங்க," என்றார் அருணா மேடம். "அதுக்குள்ள உங்க ஆளு வந்தா உங்களுக்கு டெஸ்டு வைக்கிறேன். வரலன்னா அவங்கள எடுத்துருவேன். ரெண்டு இடம்தான் இருக்கு."

செக்யூரிட்டி ரூம் பக்கத்தில் நின்று பிரின்சி போன் போட்டாள். எடுக்க வேண்டாம் என்று ஒரு மனசு. எடுத்துத் தொலையேன் என்று ஒரு மனசு.

"இன்னாடி?" என்றாள் தமிழ்செல்வி. பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தமிழு, நான் கம்பெனில கீறேன்."

"எந்தக் கம்பெனி?"

"உன்ன வரச் சொன்ன கம்பெனி."

"என்னிய எவன் வரச் சொன்னான்?"

பிரின்சி சொன்னாள். வேன் வந்ததிலிருந்து வேன் ஏறினது வரைக்கும் சொன்னாள். நடுவில் மழுப்பலாம் என்று பார்த்தாள், வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம் தள்ளிப் போயிற்று.

"என்னிய தாண்டித்தான போன?" என்றாள் தமிழ்செல்வி கடைசியில். "நான் சேத்துல நிக்கிறது தெரிஞ்சிதா இல்லியா?"

"தெரிஞ்சிது."

"நீயெல்லாம் ஒரு மனுஷியாடி?"

"திட்டறதா இருந்தா வந்து திட்டு. மதியத்துக்குள்ள வா. நீ வரலன்னா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல."

போன் கட்டாயிற்று. வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் பிரின்சி கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தமிழ்செல்வியைப் பார்க்க வேண்டும் என்று இப்படி அவள் தவித்ததே இல்லை. லாரி போயிற்று, டேங்கர் போயிற்று, டீக்காரர் வந்து போனார். வெயில் உச்சிக்கு ஏறிற்று.

ஜெகனின் பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கினாள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு சுடிதாரில் நுழைந்து வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. தலையில் பூ இல்லை. பிரின்சியின் முகத்தைப் பார்க்காமல் நேராக உள்ளே நடந்தாள்.

டெஸ்ட் ஆரம்பித்தது. பிரின்சி இடப்பக்கம், தமிழ்செல்வி வலப்பக்கம். கை ஓட ஆரம்பித்ததுமே தமிழ்செல்வியின் வாயும் ஆரம்பித்துவிட்டது. உதடு லேசாக அசைய, அடித்தொண்டையில்.

"துரோகி. நீலத்த எடு. உன்ன நம்பி எவனாவது கெணத்துல எறங்குவானா? செவப்பு. கூட நின்னே கழுத்தறுத்தியேடி. கிளிப்பு போடு. பேஜாரு புடிச்சவளே. டேப்பு."

பிரின்சி நீலத்தை எடுத்தாள், சிவப்பை எடுத்தாள், கிளிப் போட்டாள். கேட்காமலே ஒயர் வந்து கையில் விழுந்தது. அவள் சுற்றச் சுற்ற, அந்தப் பக்கமும் அதே வேகத்தில் டேப் கிழிகிற சத்தம் கேட்டது. நடுவில் வந்து சேர்ந்தபோது முழங்கை இடிக்கவில்லை.

அருணா மேடம் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். "எண்ணிக்கிட்டே செய்யறீங்களா? நல்ல பழக்கம்," என்றார் தமிழ்செல்வியிடம்.

"ஆமா மேடம்," என்றாள் அவள் பவ்யமாக.

"வால் பக்கம் சுத்து நல்லா இறுக்கமா இருக்கு," என்று பிரின்சி பக்கமும் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள்! கிடைத்தது, அனுபவிக்கத்தான் முடியவில்லை.

இரண்டு பேரையும் மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அரசப்பனின் வேனிலேயே திரும்பினார்கள். "சொல்லிட்டியாம்மா? நல்ல பொண்ணு," என்றார் அவர் பிரின்சியிடம். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். தமிழ்செல்வி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். கவரைப்பேட்டை தாண்டும் வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நெலம் கீதுன்னுதான நெனச்ச?" என்றாள் திடீரென்று. "அது நைனாவுது. நாளைக்கு ஜெகனுது. எனக்கு இன்னா கீது அங்க? நடவு நட்டா கூலிகூட தர மாட்டாங்க, ஊட்டுப் பொண்ணுன்னு."

"தப்புதான் தமிழு."

"தப்புதானாம். ரொம்ப ஈசியா சொல்லிட்டா."

கொஞ்ச தூரம் போனபிறகு பிரின்சி மெதுவாகக் கேட்டாள். "இத்தினி நாளா ஒரு நாள் உடாம நின்ன. இன்னிக்கின்னு பாத்து ஏன் வரல?"

தமிழ்செல்வி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீதான் காரணம்."

"நானா?"

"உங்க ஊட்டு ஜன்னலு ஸ்டாப்பிங்லேந்து நல்லாத் தெரியும்டி. டெய்லி திரை ஆடும். நீ பாக்கறன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே எனக்கு வெறுத்துப் போச்சு. ரோட்டுல பைத்தியக்காரி மாதிரி எவ நிப்பா? ஆனா நான் வரலன்னா நீ சிரிப்பியே! அதுக்குன்னே எழுந்து, அதுக்குன்னே குளிச்சி, அதுக்குன்னே பூ வச்சிக்கினு வந்தேன். அழுதுக்கினு படுத்துருந்த நாள்லகூட வந்தேன். நேத்து பாத்தேன், திரை ஆடவே இல்ல. எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா? சரி, இவளே பாக்கறத உட்டுட்டா, இனிமே யாருக்கு நிக்கிறதுன்னு நடவுக்குப் போய்ட்டேன்."

பிரின்சிக்குத் திங்கள்கிழமை முழுக்கப் பாத்திரம் தேய்த்துக் கஷ்டப்பட்டு ஜெயித்தது ஞாபகம் வந்தது. பாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

"ஆனா ஒண்ணு," என்றாள் தமிழ்செல்வி. "இன்னிக்கி நீ பண்ணத மறக்க மாட்டேன். சேர்ந்து வேல செய்வேன், அவ்ளோதான். அங்க எடக்கைக்காரி இன்னொருத்தி கீறா, டெஸ்டப்போ பாத்தேன். கை நல்லா போகுது. நீ ஒழுங்கா இல்லன்னா மேடம்கிட்ட சொல்லி அவகூட ஜோடி போட்டுக்குவேன்."

நியாயமான பேச்சு. தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டிய பேச்சு. பிரின்சியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவள் தலை சடக்கென்று நிமிர்ந்துவிட்டது.

"எவ அவ?" என்றாள். கேட்கும்போதே வயிறு காந்த ஆரம்பித்திருந்தது.